ஆபத்து நேரத்தில் ஜெபிப்பது எப்படி?

“இத்தனை வருஷமா சாமி பக்கமே திரும்பலை. இப்ப கஷ்டம்னு வந்ததும் போய்க் கேட்டா, அது நல்லாவா இருக்கும்?”

நோயாளிகளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகும் எங்கள் சபை ஆட்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. பெங்களூரில் கிட்வாய், நிம்ஹான்ஸ், செயின்ட் ஜான்ஸ் என்று பெரிய ஆஸ்பத்திரிகள் ஓசூர் ரோட்டிலும் அதை ஒட்டியும் இருக்கின்றன. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து, உள்ளே ஒருவரைச் சேர்த்துவிட்டு, வெளியே துண்டு விரித்துப் படுத்திருக்கும் குடும்பங்களை அங்கே பார்க்கலாம். ஈஜிபுராவிலும் லிங்கராஜபுரத்திலும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் நம் ஆட்களும் முடியாத நேரத்தில் அங்கேதான் போய் நிற்கிறார்கள். பலருக்கு ஜெபிக்க மனசு இருக்கிறது, கூச்சம்தான் தடுக்கிறது. ஜெபம் பழகாதவர்கள், பழகிவிட்டு இடையில் விட்டவர்கள், பிள்ளையின் வேலையோ கொடுத்த கடனோ இழுபறியில் நின்று தூக்கம் கெட்டவர்கள் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன். எழுதுவது கிறிஸ்தவ வேதாகமத்தை வைத்து. வேறு நம்பிக்கையில் இருப்பவர்களுக்கும் இதில் பல விஷயம் புதிதாக இருக்காது. முதலை காலைக் கவ்விய யானை “ஆதிமூலமே” என்று கூப்பிட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்.

முதலில் அந்தக் கூச்சத்துக்குப் பதில் சொல்லிவிடலாம். சங்கீதப் புத்தகத்தில் 107ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். நாலு விதமான ஆட்கள் அதில் வருகிறார்கள். வனாந்தரத்தில் வழி தவறிப் பசியும் தாகமுமாய் அலைகிறவர்கள், விலங்கு மாட்டி இருட்டில் உட்கார்ந்திருக்கும் கைதிகள், சாப்பாட்டைக் கண்டாலே குமட்டும் அளவுக்கு நோயில் விழுந்தவர்கள், புயலில் சிக்கிய கப்பல்காரர்கள். நாலு பேருக்கும் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: தங்கள் ஆபத்தில் கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டார்கள், அவர் விடுவித்தார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கைதிகளும் நோயாளிகளும் தங்கள் சொந்தத் தப்பினால் அந்த நிலைக்கு வந்தவர்கள் என்று சங்கீதமே வெளிப்படையாகச் சொல்கிறது. ஆனாலும் “உன் தப்பைச் சரி செய்துவிட்டு அப்புறம் வா” என்று யாரையும் திருப்பி அனுப்பவில்லை. கூப்பிட்டார்கள், கேட்கப்பட்டது. 50ஆம் சங்கீதத்தில் கடவுளே சொல்கிறார்: “ஆபத்துக்காலத்தில் என்னை நோக்கிக் கூப்பிடு.” கூப்பிடச் சொன்னவரிடம் கூப்பிடுவதில் என்ன வெட்கம்?

என்னைக் கேட்டால், தேவை வந்தபோது மட்டும் வரும் ஜெபத்தை மட்டமாகப் பேசுவது பெரிய தப்பு. சபையில் வளர்ந்தவர்கள்தான் அப்படிப் பேசுகிறார்கள். சுவிசேஷங்களில் இயேசுவிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் தேவையோடு வந்தவர்கள்தான். கண் தெரியாதவன், குஷ்டரோகி, மகள் சாகக் கிடக்கும் யவீரு. சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள் ரொம்பக் குறைவு.

ஊக்கம் எங்கே இருக்கிறது

யாக்கோபு எழுதின நிருபத்தில் “நீதிமான் செய்யும் ஊக்கமான வேண்டுதல் மிகவும் பெலனுள்ளதாயிருக்கிறது” என்று ஒரு வசனம் உண்டு. காலண்டரிலும் சுவரிலும் பார்த்திருப்பீர்கள். அதைப் படித்ததும் பலர் மனதில் வருவது சத்தம். முழு இரவு ஜெபம், மைக், கை தட்டல், தொண்டை கட்டும்வரை கூப்பிடுவது. அப்படி ஜெபிப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. மனசு கொதிக்கும்போது சத்தம் தானாக வரும். பர்திமேயு என்ற கண் தெரியாத பிச்சைக்காரன் எரிகோவில் இயேசுவைக் கூப்பிட்டபோது, கூட்டத்தார் அதட்டி அடக்கப் பார்த்தார்கள். அவன் இன்னும் அதிகமாகக் கத்தினான். இயேசு நின்றார்.

ஆனால் சத்தம்தான் ஊக்கம் என்று எடுத்துக்கொண்டால் இன்னொரு கதை இடிக்கும். கர்மேல் மலையில் பாகால் என்ற தெய்வத்தின் தீர்க்கதரிசிகள் 450 பேர் காலையிலிருந்து சாயங்காலப் பலி நேரம் வரைக்கும் கூப்பிட்டார்கள், குதித்தார்கள், கத்தியால் கீறி ரத்தம் வழியவிட்டார்கள். ஒரு பதிலும் வரவில்லை. அடுத்து கர்த்தருடைய தீர்க்கதரிசி எலியா ஜெபித்தது மொத்தமே இரண்டு வசனம். நிதானமாக வாசித்தாலும் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். அதற்குத்தான் அக்கினி இறங்கியது.

ஊக்கம் என்றால் என்ன என்று என்னிடம் யாராவது கேட்டால் அன்னாளைத்தான் காட்டுவேன். 1 சாமுவேல் முதல் அதிகாரம், மெதுவாகப் படிக்க வேண்டிய அதிகாரம். பிள்ளையில்லாதவள். கணவனின் இன்னொரு மனைவி பெனின்னாள் வருஷாவருஷம் திருவிழாவுக்குப் போகும் இடத்தில் அவளைக் குத்திக்காட்டி அழ வைக்கிறாள். கணவன் எல்க்கானா நல்லவன்தான், ஆனால் “பத்துக் குமாரரைப் பார்க்கிலும் நான் உனக்கு அதிகமல்லவா?” என்று கேட்கிறான். அவன் பாசத்தில் கேட்டாலும் அவளுடைய வேதனை அவனுக்குப் பிடிபடவில்லை. இவர்கள் இருவரையும் விட்டு எழுந்து அவள் தனியாக ஆலயத்துக்குப் போகிறாள். அழுகிறாள். உதடு மட்டும் அசைகிறது, சத்தம் கேட்கவில்லை. வாசல் நிலையருகே உட்கார்ந்திருந்த ஆசாரியன் ஏலி அதைப் பார்த்துவிட்டு, குடித்திருக்கிறாள் என்று நினைத்து அதட்டுகிறான். அவள் மரியாதையாக, ஆனால் தெளிவாகச் சொல்கிறாள்: “நான் கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்.”

அடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். அவள் திரும்பிப் போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் அவள் முகம் துக்கமாக இருக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. சாமுவேல் பிறந்தது அதற்குப் பிறகுதான். அன்றைக்கு அவள் கையில் எதுவும் இல்லை. வீட்டில் பெனின்னாளும் அப்படியேதான் இருந்தாள். பாரம் மட்டும் கை மாறியிருந்தது. சத்தமே இல்லாமல், பூசாரிக்குக்கூடப் புரியாத ஒரு ஜெபம் அது. ஆனால் அவள் முழுசாக அதில் இருந்தாள். எதையும் மறைத்து வைக்கவில்லை, அழகுபடுத்தவில்லை. ஊக்கமான ஜெபம் என்று நான் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான்.

என்ன சொல்வது?

ஐசியூ வாசலில் ஒரு பையன் என்னிடம் கேட்டான். ஓசூரில் கம்பெனி வேலை, அப்பாவுக்கு ராத்திரி திடீரென்று பக்கவாதம். கையில் பில்லும் ரிப்போர்ட்டும் திணித்த பிளாஸ்டிக் கவர்.

“அண்ணா, எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாதுண்ணா. நீங்களே பண்ணுங்க.”

“நான் பண்றேன்ப்பா. ஆனா நீயும் பேசு. உனக்கு இப்ப என்ன வேணும்?”

“அப்பா கண்ணு முழிக்கணும்.” கொஞ்சம் நிறுத்தி, “காலைல எண்பதாயிரம் கட்டச் சொல்றாங்க, அதுக்கு வழி தெரியலை. தங்கச்சிக்கு இன்னும் சொல்லலை.”

“இதையே அவர்கிட்ட சொல்லு. இதே வார்த்தைல.”

அவன் சொன்னான். நான் அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்க ஒன்றும் இருக்கவில்லை.

வேதாகமத்தின் அவசர ஜெபங்கள் பலவும் இப்படிக் குட்டையானவைதான். தண்ணீரில் மூழ்கப்போன பேதுரு சொன்னது “ஆண்டவரே, என்னை இரட்சியும்.” மகளுக்காக வந்த கானானியப் பெண் சொன்னது “ஆண்டவரே, எனக்கு உதவி செய்யும்.” பிள்ளைக்காக வந்த ஒரு தகப்பன் தன் சந்தேகத்தைக்கூட மறைக்காமல், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவி செய்யும் என்று அழுதான். விசுவாசம் போதவில்லை என்பதைச் சொல்லியே ஜெபிக்கலாம் என்பதற்கு அவன் சாட்சி. அவன் பிள்ளை சுகமானான்.

நெகேமியாவின் ஜெபம் இதைவிடக் குட்டை. கி.மு. 445 வாக்கில் பாரசீக ராஜாவுக்குத் திராட்சரசம் பரிமாறும் வேலையில் இருந்தவன். எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது என்ற செய்தி கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. ஒருநாள் ராஜா முகத்தைப் பார்த்துவிட்டு, “உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்கிறான். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் நெகேமியா ஜெபித்தான் என்று எழுதியிருக்கிறது. ராஜா முன்னால் எவ்வளவு நேரம்தான் மௌனமாக நின்றிருக்க முடியும்? மூச்சு விடும் நேரம்தான். இன்டர்வியூ அறையில் பெயர் கூப்பிடும்போதும், டாக்டர் கதவைத் திறந்து “அட்டெண்டர் யாரு?” என்று கேட்கும்போதும் ஜெபிக்க முடியும் என்று அதனால்தான் சொல்கிறேன். அதே நெகேமியா அதற்கு முன்னால் கிஸ்லே மாதத்திலிருந்து நிசான் மாதம் வரை, கிட்டத்தட்ட நாலு மாதம், உபவாசமிருந்து அழுது ஜெபித்தவன் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கொஞ்சம் நேரம் கிடைத்தால் எசேக்கியா ராஜா செய்ததைச் செய்து பார்க்கலாம். கி.மு. 701இல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின் ஊர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வந்து, எருசலேமுக்கு மிரட்டல் கடிதம் அனுப்பினான். அந்த சனகெரிப் தன் படையெடுப்புகளைப் பொறித்துவைத்த ஆறு முகமுள்ள களிமண் சாசனம் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. எசேக்கியாவைக் கூண்டுக் குருவி மாதிரி அடைத்துவிட்டதாக அதில் பெருமை அடித்திருக்கிறான். அவ்வளவு நெருக்கடி. எசேக்கியா கடிதத்தை வாங்கி வாசித்தான், ஆலயத்துக்குப் போனான், அதைக் கர்த்தருக்கு முன்பாக விரித்தான். நிலவரத்தையும் அவன் மழுப்பவில்லை: அசீரியர்கள் பல தேசங்களை அழித்தது மெய்தான் என்று ஒப்புக்கொள்கிறான். அதன் பிறகு, எங்களை விடுவியும் என்று கேட்கிறான்.

வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் ஸ்கேன் ரிப்போர்ட்டையோ பேங்க் நோட்டீஸையோ மேஜைமேல் விரித்து வையுங்கள். அதில் இருப்பதை ஒரு வரி வாசியுங்கள். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். பிறகு உங்களுக்கு வேண்டியதைக் கேளுங்கள். வார்த்தை வராவிட்டால் 70ஆம் சங்கீதத்தை அப்படியே வாசிக்கலாம்; ஐந்தே வசனம். “எனக்குச் சகாயம்பண்ணத் தீவிரியும்” என்று கடவுளை அவசரப்படுத்தும் சங்கீதம் அது. சீக்கிரம் வாரும் என்று அவரிடம் சொல்ல நமக்கு அனுமதி இருக்கிறது.

திரும்பத் திரும்பக் கேட்கலாமா?

கேட்கலாம். கெத்செமனே தோட்டத்தில் இயேசு மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். வீண்வார்த்தைகளை அலப்ப வேண்டாம் என்று மலைப்பிரசங்கத்தில் சொன்னவரும் அவரேதான். எண்ணிக்கை கூடினால் பலன் கூடும் என்று நினைப்பதைத்தான் அவர் தடுத்தார். நெஞ்சில் பாரம் இருக்கும் மட்டும் அதே வார்த்தை திரும்பி வருவதை அவர் தடுக்கவில்லை.

லூக்கா 18இல் ஒரு விதவையின் உவமை உண்டு. தனக்கு நியாயம் செய்யும்படி ஒரு நீதிபதியிடம் ஓயாமல் வந்து நிற்கிறாள். தொல்லை தாங்காமல் அவன் செய்து கொடுக்கிறான். இதைக் கேட்டுவிட்டு, கடவுளையும் நச்சரித்தால்தான் வேலை நடக்கும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இயேசு சொன்னது நேர் எதிர். அநியாயக்காரனான நீதிபதியே இவ்வளவு செய்தால், தம்மை இரவும் பகலும் கூப்பிடுகிறவர்களுக்குக் கடவுள் செய்யாமல் இருப்பாரா என்று கேட்கிறார். சோர்ந்துபோகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்ன உவமை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? மெழுகுவர்த்தியோடு வருகிறவர்களில் எல்லா மதத்தவரும் உண்டு. வாரா வாரம் ஒரே வேண்டுதலோடு வருகிறவர்களும் உண்டு. செப்டம்பர் 8 திருவிழாவை ஒட்டி சிவாஜிநகர் ஆரோக்கிய மாதா பேராலயத்துக்கு வரும் கூட்டமும் அப்படித்தான். கிழமை பார்த்துத்தான் கடவுள் கேட்பார் என்பதற்கில்லை. ஆனால் போய் நிற்க ஒரு நாளும் ஒரு இடமும் இருப்பது, மனசு தளர்ந்தவர்களைக் கைவிடாமல் பிடித்துவைக்கிறது. புராட்டஸ்டண்ட் சபையான சிஎஸ்ஐயைச் (தென்னிந்தியத் திருச்சபை) சேர்ந்த நானே இந்தக் கத்தோலிக்கக் கோயில்களைப் பற்றி இதைச் சொல்கிறேன்.

பொருத்தனை, நேர்ச்சை பற்றியும் கேட்பார்கள். அன்னாளும் பொருத்தனை பண்ணினாள், அதை நிறைவேற்றினாள். யெப்தா யோசிக்காமல் வாயைவிட்டுச் சொந்த மகளை இழந்தான். பயத்தின் உச்சியில் பேரம் பேச வேண்டாம் என்பதே என் ஆலோசனை. “இதைக் கொடுத்தால் அதைச் செய்கிறேன்” என்று சொல்லாமலும் கேட்கலாம், அவர் கடைக்காரர் இல்லை. ஜெபிக்கிறேன் என்று சொல்லிப் பணம் கேட்பவர்களிடம் போகவே போகாதீர்கள். குஷ்டம் நீங்கின நாகமான் கொண்டுவந்த வெள்ளியையும் பொன்னையும் தீர்க்கதரிசி எலிசா தொடவில்லை.

மருந்தை நிறுத்தச் சொல்பவர்களையும் நம்பாதீர்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதனால் உயிர் போகும். எசேக்கியா சாகும் நோயில் கிடந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுது ஜெபித்தான். 15 வருஷம் கூட்டிக் கொடுப்பதாகக் கர்த்தர் சொன்னார். அதே இடத்தில், அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி ஏசாயா தீர்க்கதரிசி அவன் பிளவையின்மேல் பற்றுப்போட வைக்கிறான். வாக்கும் வந்தது, பற்றும் போட்டார்கள். கீமோ தேதியை மாற்றாதீர்கள். மாத்திரையை விழுங்கிவிட்டு ஜெபியுங்கள்.

கேட்டது கிடைக்காதபோது

இதை எழுதாமல் விட்டால் நான் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் ஏரோது ராஜா யோவானின் சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான் என்று ஒரே வரியில் வருகிறது. அடுத்து பேதுருவைச் சிறையில் போடுகிறான். சபையார் ஊக்கத்தோடே ஜெபித்தார்கள், பேதுரு அற்புதமாக வெளியே வந்தான். மரியாள் வீட்டுக் கதவை அவன் தட்டியபோது, ரோதை என்ற பெண் சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடிச் சொன்னாள். ஜெபித்துக்கொண்டிருந்தவர்களே “நீ பிதற்றுகிறாய்” என்றார்கள். கேட்டுக்கொண்டிருந்தது நடந்தபோது அவர்களுக்கே நம்ப முடியவில்லை. அவ்வளவு கொஞ்ச விசுவாசத்தோடும் ஜெபிக்கலாம் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் யாக்கோபு? அவனும் அதே சபையின் ஆள்தான். அவனை நேசித்தவர்கள் அவனுக்காக ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? ஒருவன் செத்தான், ஒருவன் தப்பினான். ஏன் என்று அந்த அதிகாரம் விளக்கவில்லை. பவுல் தன் சரீரத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டினான். முள் நீங்கவில்லை, “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதில் வந்தது. கெத்செமனேயில் இயேசு நீங்கும்படி கேட்ட பாடுகளின் பாத்திரமும் நீங்கவில்லை. ஆகவே யாராவது உங்களிடம் வந்து, “விசுவாசம் பத்தாததால்தான் உங்கள் பிள்ளை பிழைக்கவில்லை” என்று சொன்னால் அதை நம்பாதீர்கள். அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. 88ஆம் சங்கீதம் அழுகையில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது, ஒரு ஆறுதல் வரியும் இல்லை. அதையும் ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள். கோபத்தோடு அதை வாசிக்கிற நாளும் ஜெபித்த நாள்தான்.

தனியாகச் சுமக்க வேண்டாம். பக்கவாதக்காரன் ஒருவனை நாலு பேர் தூக்கி வந்து, கூட்டத்தில் நுழைய முடியாமல் கூரையைப் பிரித்து இறக்கினார்கள். அவர்களுடைய விசுவாசத்தைப் பார்த்துத்தான் இயேசு அவனிடம் பேசினார் என்று மாற்கு எழுதுகிறார். உங்களுக்கு ஜெபிக்கவே முடியாத நாளில் இன்னொருவர் ஜெபிக்கட்டும். அருகில் எந்தச் சபை இருந்தாலும் போய் ஜெபக் குறிப்பு கொடுங்கள். நீங்கள் அந்தச் சபை உறுப்பினரா என்று யாரும் கேட்க மாட்டார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதானால் நோயாளியைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். வியாதியின் பெயரும் வார்டு நம்பரும் ரிப்போர்ட்டின் போட்டோவும் அதில் வேண்டாம். “அப்பாவுக்கு நாளை ஆபரேஷன், ஜெபித்துக்கொள்ளுங்கள்” என்றால் போதும்.

குறிப்பு கொடுத்தவர்கள் முடிவைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். ஆள் தேறி வீட்டுக்கு வந்திருந்தால் ஒரு வரி அனுப்புங்கள். குணமான பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒரே ஒரு சமாரியன். முடிவு வேறு மாதிரி ஆகியிருந்தாலும் சொல்லுங்கள். ஜெபித்தவர்கள் அப்போது வீட்டுக்கு வருவார்கள், ஃபிளாஸ்கில் காபியும் பிள்ளைகளுக்கு இட்லியும் கொண்டுவருவார்கள், கல்லறைத் தோட்டத்து வேலைகளை யார் பார்ப்பது என்று அவர்களே பேசி முடிவு செய்துகொள்வார்கள்.